வாடகை அறையும் வாசல் விதியும்: சிங்கப்பூரில் தமிழ் மாணவரின் உறைவிடத் தேடல்

முன்னுரை

உயர்கல்விக்காகச் சிங்கப்பூர் செல்லும் தமிழ் மாணவருக்கு நாம் பரிந்துரைக் கடிதம் எழுதித் தருகின்றோம். ஆய்வு முன்மொழிவைத் திருத்துகின்றோம். படிக்கவேண்டிய நூல்களைச் சுட்டுகின்றோம். அவர் அங்கு எங்குத் தங்குவார் என்பதை மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்துவிடும் என்பது நம் எண்ணம். எல்லா ஆண்டும் எல்லா மாணவர்க்கும் அது கிடைப்பதில்லை. மேற்பட்டப் படிப்பு மாணவர் பலர் வளாகத்திற்கு வெளியேதான் அறை தேடுகின்றனர்.

எம்மிடம் பயின்று முதுகலைப் படிப்பிற்காக அங்குச் சென்ற மாணவர் ஒருவர், அடுக்குமாடி வீடொன்றில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். கையால் எழுதிய ஒரு பக்கத் தாளே ஒப்பந்தம். அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தப்படவில்லை. மூன்றாம் மாதத்தில், தேர்வுக்கு முந்திய வாரத்தில், சமையல் மணம் பொறுக்கவில்லை என்று கூறி வீட்டுக்காரர் அவரை வெளியேறச் சொன்னார். கொடுத்த முன்பணம் திரும்பவில்லை. 'ஐயா, இனி என்ன செய்யலாம்?' என்று அவர் தொலைபேசியில் கேட்டபோது எம்மிடம் விடை இல்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை. சட்டம் மாணவரை எதுவரை காக்கின்றது, எந்த இடத்தில் அவரைத் தனியே விடுகின்றது என்னும் இரண்டையும் இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

கிட்டங்கி முதல் அடுக்குமாடி வரை

சிங்கப்பூருக்குத் தனியராய் வந்த தமிழர்க்கு உறைவிடம் என்பது நெடுங்காலம் உறவின் வழியாகவே அமைந்தது. நகரத்தார் மார்க்கெட் ஸ்திரீட்டுக் கிட்டங்கிகளில் தங்கினர். பலர் ஒரே கூடத்தில் தத்தம் பெட்டியடியில் அமர்ந்து தொழில் நடத்தினர்; அங்கேயே உண்டு உறங்கினர். ஊரும் உறவும் தெரிந்தவர்க்கே அங்கு இடம் உண்டு. தொழிலாளர்க்கு அவரவர் வேலையிடமோ ஊர்க்காரர் கூட்டமோ இடம் தந்தது. யாரும் யாரிடமும் ஒப்பந்தம் கேட்டதில்லை. அறிமுகமே ஒப்பந்தம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரி 1 அன்று தொடங்கப்பட்ட பின்னர் இந்நிலை மாறியது. இன்று சிங்கப்பூர்வாசிகளில் முக்கால் பங்கிற்கும் மேலானோர் சுருக்கமாக வீவக எனப்படும் அக்கழகத்தின் வீடுகளில் வாழ்கின்றனர். 1989 மார்ச் 1 முதல் நடைமுறையிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு கட்டடத்திலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்தவரும் எந்த விகிதம்வரை வீடு வாங்கலாம் என வரையறுக்கின்றது. அக்கொள்கை வீடு வாங்குவோரைப் பற்றியது. வாடகைக்கு இருப்போரைப் பற்றியதன்று. தமிழ் மாணவர் குடிபுக முனைவது இத்தகைய வீடொன்றின் ஓர் அறையில்தான். அறிமுகத்தின் இடத்தை இங்கு விதியும் விளம்பரமும் பிடித்துக்கொண்டுள்ளன.

விதிகள் கூறுவன

வீவக வீட்டில் அறை எடுப்பவர் முதலில் அறியவேண்டியது, வாடகைக்கு விடுவதற்கு முன் உரிமையாளர் கழகத்தின் ஒப்புதலைப் பெற்றிருத்தல் வேண்டும் என்பது. ஒப்புதலுக்குக் குறைந்த வாடகைக் காலம் 6 மாதம். மாணவரின் அனுமதி அட்டை செல்லத்தக்கதா என்று பார்ப்பதும் உரிமையாளரின் கடமையாகும். தம் பெயர் பதியப்பட்டுள்ளதா என்பதைக் குடியிருப்பவர் கழகத்தின் இணையச் சேவை வழியே தாமே சரிபார்க்கலாம். 'பதிவு வேண்டாம், வாடகையைக் குறைத்துக்கொள்கிறேன்' என்று ஒருவர் கூறினால், அது சலுகை போலத் தோன்றும் பொறியாகும். பதிவில்லாதவர் அவ்வீட்டில் இல்லாதவரே.

முழு வீட்டையும் நண்பர் சிலர் சேர்ந்து எடுக்கும்போது வேறொரு விதி குறுக்கிடும். வெளிநாட்டவர்க்கு முழு வீடாக வாடகைக்கு விடப்படுபவை வட்டாரத்தில் 8 விழுக்காட்டையும் கட்டடத்தில் 11 விழுக்காட்டையும் கடத்தல் கூடாது. 2014இல் நடைமுறைக்கு வந்த இவ்வரம்பு மலேசியர்க்குப் பொருந்தாது. தனி அறைகளுக்கும் பொருந்தாது. ஆகவே தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருவோர்க்கு முழு வீட்டினும் தனி அறை எளிதாகக் கிடைக்கின்றது.

உறவினர் அல்லாதோர் ஒரு வீட்டில் 6 பேர்வரை வாழலாம் என்பது வழக்கமான வரம்பு. 2024 ஜனவரி 22 முதல் நாலறை வீடுகளுக்கும் அவற்றினும் பெரியவற்றிற்கும் அது தற்காலிகமாக 8 ஆக உயர்த்தப்பட்டது. கூட்டுரிமை வீடு முதலிய தனியார் குடியிருப்புகளில் குறைந்த காலம் 3 மாதம் என 2017இல் வகுக்கப்பட்டது. ஒரு பருவம் மட்டும் தங்கும் பரிமாற்ற மாணவர்க்கு இவ்வேறுபாடு முக்கியமானது.

பணமும் தாளும்

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் குறியீட்டின்படி, தனியார் வீடுகளின் வாடகை 2022ஆம் ஆண்டில் மட்டும் 29.7 விழுக்காடு உயர்ந்தது. 2023இல் மேலும் 8.7 விழுக்காடு ஏறியது, 2024இல் 1.9 விழுக்காடு தணிந்தது. தனியார் வீட்டிலிருந்து வீவக வீட்டிற்கும், முழு வீட்டிலிருந்து அறைக்கும், தனி அறையிலிருந்து பகிர்வு அறைக்கும் மாணவர் இறங்கி வருவதற்கு இந்த ஏற்றமும் ஒரு காரணம் எனலாம்.

ஓராண்டு ஒப்பந்தத்திற்கு ஒரு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பரவலான வழக்கம். முகவர் கட்டணத்தைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை. அது பேசித் தீர்மானிக்கப்படுவது. முத்திரைத் தீர்வையோ சட்டப்படி செலுத்தவேண்டியது. நான்கு ஆண்டு அல்லது அதற்குக் குறைந்த ஒப்பந்தத்திற்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு செலுத்துதல் வேண்டும். மாதம் 900 வெள்ளி வீதம் ஓராண்டுக்கு 10,800 வெள்ளி. அதற்குரிய தீர்வை 43 வெள்ளி. சிங்கப்பூரில் ஒப்பமிட்ட 14 நாட்களுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் அதைச் செலுத்திச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளலாம். ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு என்று மாணவர் இதைத் தவிர்க்க நினைப்பதுண்டு. முத்திரையிடப்படாத ஒப்பந்தம் வழக்கில் சான்றாக ஏற்கப்படாது என்பதை அறிந்தால் அவ்வாறு நினைக்கமாட்டார்.

பூசல் எழுந்தால் செல்லுமிடம் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்கள் தொடர்பான வழக்குகளை அது ஏற்கின்றது. கோரிக்கைத் தொகையின் வரம்பு 20,000 வெள்ளி. இரு தரப்பாரும் இசைந்தால் 30,000 வெள்ளி. சிக்கல் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். அங்கு வழக்கறிஞர் வாதிட முடியாது. மாணவர் தாமே தம் வழக்கைப் பேசலாம். முத்திரைத் தீர்வையைக் காலந்தாழ்த்தித் தண்டத்தொகையுடன் செலுத்தவும் வழியுண்டு. அதாவது எம் மாணவர், வெளியேற்றப்பட்ட பின்னரும், தம் ஒரு பக்கத் தாளுக்கு முத்திரையிட்டு முன்பணத்தைக் கோரியிருக்கலாம். அது அவருக்குத் தெரியாது. எமக்கும் தெரியாது.

முகவர் வழியே அறை தேடுவோர்க்கு இன்னொரு பாதுகாப்பு உண்டு. சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் மன்றம் 2010இல் அமைக்கப்பட்டது. பதிவு பெற்ற முகவரின் பெயரையும் பதிவெண்ணையும் அதன் பொதுப் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம். வீவக வீட்டு வாடகையில் முன்பணத்தையோ வாடகையையோ முகவர் தம் கையில் வாங்குதல் கூடாது. ஒரே பேரத்தில் இரு தரப்பிற்கும் முகவராக நிற்றலும் கூடாது. வீட்டைக் காட்டுவதற்கு முன்பே 'அறையைப் பிடித்து வைக்கப் பணம் அனுப்புங்கள்' என்பவர் பதிவேட்டிலுள்ள ஒருவரின் பெயரைச் சொன்னாலும், அவர்தாமா இவர் என்று பதிவேட்டின்வழி உறுதி செய்த பின்னரே பேச்சைத் தொடர்தல் வேண்டும்.

சமையல் என்னும் சொல்

இதுவரை கூறியவை எழுதப்பட்ட விதிகள். எழுதப்படாத விதியொன்று வாசலில் நிற்கின்றது. அறை விளம்பரங்களில் 'லைட் குக்கிங்' என்னும் தொடர் அடிக்கடி காணப்படும். 'எளிய சமையல்' என்று அதை நேராகப் பெயர்த்துக்கொள்ளும் மாணவர், ரசமும் பொரியலும் எளிய சமையல்தானே என்று எண்ணுவார். வீட்டுக்காரர் எண்ணுவது வெந்நீர் காய்ச்சுவதையும் மீ வகைகளை வேகவைப்பதையும் மட்டுமே. கடுகு தாளித்தால் ஒப்பந்தம் மீறப்பட்டதாக அவர் கருதக்கூடும். என்னென்ன சமைக்கலாம், எந்த நேரத்தில், எந்த அடுப்பில் என்பதை முன்னரே பேசி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதே இதற்கு மருந்து.

சமையல் மணம் அங்கு ஏற்கெனவே பொதுப் பேச்சானதொன்று. இந்தியக் குடும்பமொன்றின் குழம்பு மணத்தைப் பற்றி அண்டைவீட்டார் முறையிட்டதும், அது சமரசப் பேச்சின்வழித் தீர்க்கப்பட்டதும் 2011இல் செய்தியாயின. அதனையொட்டி அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று குழம்பு சமைத்துப் பகிரும் நாளொன்றைப் பல இனத்தவரும் சேர்ந்து கடைப்பிடித்தனர். அதில் சீனரும் மலாய்க்காரரும் கலந்துகொண்டமை நினைவில் கொள்ளத்தக்கது.

சமையலுக்கு அப்பாலும் ஒன்றுண்டு. இந்தியர்க்கும் சீனநாட்டவர்க்கும் வீடில்லை என்று வெளிப்படையாகக் குறித்த விளம்பரங்களைப் பற்றி 2014இல் பிபிசி செய்தி வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் தேசிய நாள் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், வாடகைக்கு வீடு தேடும் சிறுபான்மையினர் இனத்தின் காரணமாக மறுக்கப்படுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு பேசினார். 2025இல் பணியிட நியாயத்திற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. அது வேலைவாய்ப்பிற்கு உரியது. யாருக்கு அறை கொடுப்பது என்னும் முடிவு வீட்டுக்காரரின் விருப்பமாகவே நிற்கின்றது. ஒப்பந்தம் உருவான பின் மாணவர்க்குத் துணைநிற்கும் சட்டம், அது உருவாவதற்கு முன் வாசலில் அவருக்குத் துணைவருவதில்லை.

இதைப் பிறர் குற்றமாக மட்டும் எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது. 'சைவ உணவினர் மட்டும்' என்று குறிக்கும் விளம்பரங்கள் நம்மவர் வீடுகளுக்கும் உண்டு. சென்னையில் மணமாகாதவர்க்கு வீடு கிடைக்காமையே திருவல்லிக்கேணி மேன்சன்களை வாழவைத்தது. சாதியையும் உணவையும் கேட்டு வீடு மறுக்கும் வழக்கத்தை அறிந்தே நம் மாணவர் கடல் கடக்கின்றனர். தம் ஊரில் வாசலுக்கு உள்ளே நின்றவர், இங்கு வெளியே நிற்கும்போதுதான் அதன் கனத்தை உணர்கின்றார்.

தேக்காவும் தொலைவும்

மறுப்பிற்கு அஞ்சும் மாணவர் நேரே தேக்காவிற்குச் செல்கின்றார். சிராங்கூன் சாலையில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும், கோயிலும் உணவகமும் அருகில், பேச்சுத்துணைக்குக் குறைவில்லை. பிராஸ் பாசாவிலுள்ள சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழக மாணவர்க்கு அது மிக அணித்தானது. கெண்ட் ரிட்ஜிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்திற்கோ, வடகிழக்கு ரயில் தடத்தில் ஹார்பர்ஃபிரண்ட் சென்று வட்டத் தடத்திற்கு மாறுதல் வேண்டும். மேற்கே கடைக்கோடியில் அமைந்த நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற்கு ரயிலுக்குப் பின் பேருந்தும் ஏறவேண்டும். முன்னவர்க்குக் கிளிமெண்டியும் பின்னவர்க்கு ஜூரோங் வெஸ்ட்டும் பயணத்தைக் குறைக்கும். வாரநாளில் வளாகத்தருகே வாழ்ந்து வாரக் கடைசியில் தேக்கா செல்வது பலர்க்குப் பொருந்தும் என்பது எம் கருத்து. பழைய கடைவீடுகளின் மேல்மாடிகளில் மலிவாகக் கிடைக்கும் படுக்கையிடங்களில், எத்தனை பேர் தங்குகின்றனர், தீ நேர்ந்தால் வெளியேற வழியுண்டா என்பவற்றை நேரில் பார்க்காமல் பணம் கொடுத்தல் ஆகாது.

முடிவுரை

ஆசிரியராகிய நாம் செய்யக்கூடியது பெரிதன்று. ஆயினும் அது நம்மால் இயல்வது. விடைபெற வரும் மாணவரிடம் ஐந்து செய்திகளைக் கூறலாம்: அறையை நேரில் பார்த்த பின்னரே பணம் கொடுக்கவேண்டும், கழகத்தில் பதிவை உறுதிசெய்யவேண்டும், ஒப்பந்தத்திற்கு முத்திரையிடவேண்டும், சமையலை எழுத்தில் பெறவேண்டும், குடிபுகும் நாளன்றே அறையையும் பொருள்களையும் படமெடுத்து வைக்கவேண்டும். ஆறாவதாக ஒன்றுண்டு. பெயரைக் கேட்டதும் தொலைபேசி துண்டிக்கப்பட்டால், அது அவருடைய தகுதியைப் பற்றிய தீர்ப்பன்று என்று முன்னரே சொல்லி அனுப்புதல் வேண்டும். தமிழ் கற்பிக்கும் வகுப்பில் ஒரு வாடகை ஒப்பந்தத்தைப் படிக்கவும் தமிழில் விளக்கவும் பயிற்சி தருவது, பயன்பாட்டுத் தமிழுக்கு நல்லதொரு பாடமாகவும் அமையும்.

எம் மாணவர் நண்பர் ஒருவரின் அறையில் தரையில் படுத்துத் தேர்வெழுதித் தேறினார். முன்பணத்தை இழந்ததைவிட, தம் தாயார் கற்றுத்தந்த குழம்பை மூன்று மாதம் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்ததே வருத்தியது என்று பின்னர் எம்மிடம் கூறினார். அடுத்த ஆண்டு அங்குச் சென்ற இளையவர்க்கு ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் விளக்கித் தந்தவர் அவரே. அப்பணியை அவரிடமே விட்டுவிடாமல் நாமும் ஏற்றுக்கொள்வோமாக.