புரதம் சி

புரதம் சி என்பது குருதி உறைதலைக் கட்டுப்படுத்தும் புரதங்களுள் ஒன்றாகும். இது உயிர்ச்சத்து கே-யின் துணையுடன் கல்லீரலில் உருவாகி, செயலற்ற நிலையில் குருதியில் சுற்றி வருகிறது. காயம் பட்ட இடத்தில் குருதி உறைய வேண்டும். ஆனால் அவ்வுறைதல் குருதிக்குழாய் முழுவதும் பரவிவிடக் கூடாது. இவ்வெல்லையைக் காப்பதே புரதம் சி-யின் பணி.

பெயர்

சுவீடனைச் சேர்ந்த யோகான் இசுடென்ஃபுளோ 1976 ஆம் ஆண்டில் மாட்டுக் குருதியிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். பிரிப்பின்போது மூன்றாவதாக வெளிவந்த "சி" பகுதியில் இருந்தமையால் இப்பெயர் ஏற்பட்டது.

செயல்முறை

காயத்தின்போது உருவாகும் துரோம்பின் என்னும் நொதி, கரையும் தன்மையுள்ள பைபிரினோசனைக் கரையாத பைபிரின் இழைகளாக மாற்றுகிறது. அத்துடன் காரணி 5, காரணி 8 ஆகியவற்றைத் தூண்டி, மேலும் துரோம்பின் உண்டாகச் செய்கிறது. ஆனால் சேதமுறாத குழாய்ச் சுவரிலுள்ள துரோம்போமொடியூலினுடன் இணைந்ததும் துரோம்பினின் இயல்பு மாறுகிறது. அப்போது அது பைபிரினை உண்டாக்காமல் புரதம் சி-யைச் செயலூக்குகிறது.

செயலூக்கம் பெற்ற புரதம் சி, புரதம் எஸ் என்பதன் துணையுடன், செயல்நிலையிலுள்ள காரணி 5, காரணி 8 ஆகியவற்றை வெட்டிச் செயலிழக்கச் செய்கிறது. இதனால் துரோம்பின் உற்பத்தி குறைகிறது.

உறைகட்டியைக் கரைப்பது பிளாசுமின் என்னும் நொதி. அது உருவாவதைத் தடுக்கும் புரதமொன்றைப் புரதம் சி கட்டுப்படுத்துவதால், கட்டி கரைவதற்கும் ஓரளவு உதவுகிறது.

குறைபாடுகள்

பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் குறையுள்ள மரபணுவைப் பெற்றவர்களுக்குக் கால்களின் ஆழ்சிரைகளில் குருதி உறையும் வாய்ப்பு மிகுதி. இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்குப் பிறந்த சில மணி நேரத்திலோ நாட்களிலோ தோலின் நுண்குழாய்களில் குருதி உறைந்து, கருநீலத் திட்டுகள் தோன்றலாம். உடனே புரதம் சி செலுத்தாவிடில் இது உயிருக்கு ஆபத்தானது.

1994 இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கண்டறியப்பட்ட "காரணி 5 லைடன்" மாற்றத்தில் புரதம் சி இயல்பாகவே உள்ளது. ஆனால் அது வெட்ட வேண்டிய இடத்தில் காரணி 5 மாறியிருப்பதால், எளிதில் வெட்ட இயலுவதில்லை.

வார்ஃபரின் மருந்து

உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின், உயிர்ச்சத்து கே சார்ந்த எல்லாப் புரதங்களையும் குறைக்கிறது. புரதம் சி-யின் அரைவாழ்வு ஏறத்தாழ 8 மணி நேரம். உறையச் செய்யும் புரோதுரோம்பினுக்கோ ஏறத்தாழ 60 மணி நேரம். ஆகவே புரதம் சி முதலில் குறைந்து, தொடக்க நாட்களில் உறைதல் மிகுந்து, அரிதாகத் தோல் அழுகலும் ஏற்படலாம். இதனைத் தவிர்க்கவே, சிரைகளில் குருதி உறைந்தவர்களுக்குத் தொடக்க நாட்களில் வார்ஃபரினுடன் எப்பாரினும் சேர்த்து அளிக்கப்படுகிறது.