மரைக்காயர் (குடும்பப் பெயர்)

மரைக்காயர் என்பது தமிழ் பேசும் முஸ்லிம்களுள் கடல் வணிகம் செய்த குடும்பங்கள் பெயரின் ஈற்றில் இட்டு வழங்கும் பட்டப்பெயர் ஆகும். மரக்காயர், மரைக்கார் எனவும் எழுதப்படும். கேரளத்தில் இது மரக்கார்; 1600இல் கோவாவில் போர்த்துக்கேயரால் கொல்லப்பட்ட நான்காம் குஞ்ஞாலி மரக்கார் அறியப்பட்டவர். இலங்கையில் மரிக்கார்.

'மரக்கலராயர்' என்பதே மருவியது என்பது பரவலான கருத்து. படகைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லை மூலமாகக் காட்டுவோரும் உளர். எதை ஏற்றாலும் கடலை விட்டு விலக முடியாது. பழவேற்காடு, நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் என இப்பெயர் வழங்கும் ஊர்கள் பெரும்பாலும் பழைய துறைமுகங்களே.

பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த குப்பங்களில் மீன்பிடிப்போர் பெரும்பாலும் பட்டினவர். மரைக்காயர் குடும்பங்கள் பழவேற்காடு ஊருக்குள் வாழ்கின்றன. இங்கு 1613இல் கெல்திரியா கோட்டை எழுப்பிய ஒல்லாந்தர், 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர்; துறைமுகமும் பின்னர் மங்கியது. இன்று இவ்வூர் முஸ்லிம் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகள் பெயர்பெற்றவை.

இப்பெயருடையோரை எண்ணுவது எளிதன்று. தமிழர் வழக்கில் தந்தை பெயரின் முதலெழுத்தே மகனுக்குத் தலைப்பெழுத்தாகும், பட்டம் விடுபட்டுவிடும். இராமேசுவரம் ஜைனுலாப்தீன் மரைக்காயரின் மகன்தான் குடியரசுத் தலைவராக இருந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். அவர் பெயரில் மரைக்காயர் இல்லை. தமிழ்நாடு அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் பட்டியலிலும் மரைக்காயருக்குத் தனி இடமில்லை. ராவுத்தருடன் சேர்த்து லப்பை என்ற தலைப்பின்கீழ் வருகின்றனர்.