புற்றில் விளையும் உணவு

பூச்சிகளை உணவாகக் கொள்ளலாம் என்று மேல்நாட்டு விஞ்ஞானிகள் எடுத்துரைக்கும்போது, அதை விபரீதமான ஒரு புதுமையென்று கருதி முகம் சுளிக்கும் நம்மவருள், மழைக்காலத்து மாலையில் வறுத்த ஈசலையும் பொரியரிசியையும் மடியில் கட்டிக்கொண்டு கொறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மறந்தது அவர்கள் குற்றமன்று. மறக்கும்படியாக இந்த உணவைச் சுற்றி ஓர் இழிவு கற்பிக்கப்பட்டுவிட்டது.

சங்கப் புலவர்களுக்கு அந்தக் கூச்சம் இருந்ததில்லை. வள்ளல் பாரி மறைந்தபின் அவனுடைய பறம்பு மலையின் வளத்தை நினைந்து உருகும் கபிலர், புறநானூற்றின் 119-ஆம் பாட்டில், செம்புற்றிலிருந்து எழுந்த ஈசலை மோரோடு சேர்த்துப் புளிங்கறியாக்கி உண்ட செழிப்பையும் அந்த நாட்டின் பெருமைகளுள் ஒன்றாகவே எண்ணுகிறார். அகநானூற்றின் 394-ஆம் பாட்டிலோ, தலைவனுடன் வரும் இளைஞர்களுக்கு ஆட்டுத் தயிரும் வரகரிசியும் ஈசலும் கூட்டிச் சமைத்த புளிச்சோறு, வெண்ணெய் உருக உருகப் படைக்கப்படுகிறது. விருந்தினருக்கு இட்ட உணவைப் பஞ்சத்தின் பிழைப்பென்று யாரும் சொல்லிவிட முடியாது.

வல்லக்கோட்டை முருகனைத் தரிசித்துவிட்டு ஒரகடம் நோக்கித் திரும்பும் யாத்திரிகர் கண்ணில் இன்று படுவன மோட்டார்த் தொழிற்சாலைகளின் நீண்ட மதில்களே ஆயினும், ஏரிகளும் முட்புதர்களும் நிறைந்த இந்தக் காஞ்சிபுரம், செங்கற்பட்டுப் பிராந்தியம் இருளர் என்னும் பழங்குடியினரின் பூர்வீக நிலமாகும். எந்தப் புற்றில் எப்போது ஈசல் கிளம்பும் என்பதை மண்ணின் ஈரத்தையும் காற்றின் புழுக்கத்தையும் கொண்டே அறியும் அம்மக்கள், புற்றின் வாயருகே குழி தோண்டி, துணியாலோ தழையாலோ கூடாரம்போல் மறைத்து, உள்ளே ஒரு விளக்கை ஏற்றி வைத்துக் காத்திருப்பார்கள். வெளிச்சத்தை நாடி வரும் ஈசல்கள் குழியில் விழும். அவற்றை வாரியெடுத்து, வெறுஞ்சட்டியில் வறுத்து, முறத்தில் இட்டுப் புடைத்துச் சிறகுகளை நீக்கி, பொரியரிசியோ பொட்டுக்கடலையோ கலந்தால் உணவு ஆயிற்று. வெயிலில் உலர்த்தி வைத்தால் சில காலம் கெடாமலும் இருக்கும்.

இந்த முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஈசல் என்பது, புதுக்குடி அமைப்பதற்காக வெளியேறும் கறையானின் சிறகு முளைத்த பருவம். ராணியும் வேலைக்காரக் கறையான்களும் புற்றுக்குள்ளேயே இருக்கின்றன. பறவைக்கும் பல்லிக்கும் தவளைக்கும் பெரும்பாலும் இரையாகிவிடுகிற இந்தக் கூட்டத்தில் மனிதனும் ஒரு பங்கு எடுத்துக்கொள்வதனால் புற்று அழிவதில்லை. காய்ந்த சருகையும் மக்கிய மரத்தையும் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சையின் உதவியால் தனக்கு ஆகாரமாக்கிக்கொள்ளும் இந்த ஜீவன், நாம் உண்ண இயலாத பொருளைக் கொழுப்பும் புரதமும் இரும்புச் சத்தும் மிக்க உணவாக மாற்றித் தருகிறது. உழாமலும் நீர் பாய்ச்சாமலும் கிடைக்கும் இத்தகைய விளைச்சலை நான் வேறெங்கும் அறியேன்.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2013-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ 200 கோடி மக்களின் ஆகாரத்தில் பூச்சிகள் இடம் பெற்றிருப்பதாகக் கூறுகிறது. ஒரு கிலோ எடை வளரப் பூச்சிகளுக்குச் சராசரியாக 2 கிலோ தீவனம் போதும். மாட்டுக்கோ 8 கிலோ வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் சில பூச்சி இனங்களுக்கு உணவாக அனுமதி கிடைத்திருக்கிறது. சிங்கப்பூர் 2024-ல் 16 இனங்களை அனுமதித்தது. நம் தேசத்திலேயே அஸ்ஸாம் மக்கள் எரிபட்டுப் புழுவின் கூட்டுப்பருவத்தை விரும்பி உண்கிறார்கள். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துச் செவ்வெறும்புச் சட்னிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுவிட்டது.

எச்சரிக்கையும் வேண்டும். இறால், நண்டு ஒவ்வாதவர்களுக்குப் பூச்சியும் ஒவ்வாமல் போகலாம். பூச்சிக்கொல்லி தெளித்த இடத்திலிருந்து பிடித்ததை உண்ணவே கூடாது. ஆயினும் என் மனத்தை வருத்துவது வேறு. பண்ணையில் வளர்க்கத்தக்க சிள்வண்டுக்கு முதலீடும் விளம்பரமும் தேடி வருகின்றன. பண்ணைக்கு எளிதில் அடங்காத ஈசலுக்கோ புற்று வேண்டும், புற்றுக்கு யாரும் சமன் செய்யாத நிலம் வேண்டும். ஏரிக்கரையும் மேய்க்கால் புறம்போக்கும் சுருங்கி, இருளர் குடும்பங்கள் செங்கற்சூளைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கூலிகளாய்ச் சென்றுவிடுமாயின், மழை ஓய்ந்த மாலையில் தொழிற்சாலை விளக்கைச் சுற்றி விழும் ஈசல் மறுநாட்காலை துடைப்பத்தால் பெருக்கித் தள்ளப்படும் குப்பையாகவே முடியும்.

இதைத் தடுக்க ஒரு முன்மாதிரி உண்டு. பாம்பு பிடிக்கும் இருளர்களின் வித்தையை, தோல் வியாபாரம் தடைப்பட்டபின், விஷமுறிவு மருந்துக்கான நஞ்சு எடுக்கும் தொழிலாக மாற்றி, 1978-ல் அவர்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். இன்றும் அது மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் நடந்து வருகிறது. ஈசல் பிடிப்பவர்களின் அறிவுக்கும் அதேபோல் ஒரு சங்கமும், சுத்தமாக வறுத்துப் பொட்டலமிடுவதற்கான சிறு முதலும், புற்றுகளோடு கூடிய சில ஏரிக்கரைகளைக் கைவைக்காமல் விடுவதற்கான உத்தரவும் கிடைக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.