சமூகப் பணிக்கு அனுபவம் மட்டும் போதுமா?

யுத்தம் எமது பெண்களுக்குப் பல வேலைகளைப் பழக்கிவிட்டது. முகாமில் நிவாரண வரிசையை ஒழுங்கு செய்ததும், பக்கத்துக் கொட்டிலில் காய்ச்சலாய்க் கிடந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றதும், எழுதத் தெரியாத தாய்க்குக் காணாமற்போன மகனைப் பற்றி மனு எழுதிக் கொடுத்ததும் யார்? பெரும்பாலும் பெண்களே. அதற்கு எவரும் சம்பளம் தரவில்லை. அது ஒரு தொழில் என்று சொல்லவும் இல்லை. ஆனால் இதே வேலைகள், படித்துப் பயின்று செய்யும் ஒரு தொழிலாக, சமூகப் பணி என்ற பெயரில் உலகின் பல நாடுகளில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகின்றன.

எமது நாட்டிலும் அது தொழில்தான். பிரதேச செயலகத்துக்குச் சென்றுவந்த பெண்கள் சமூக சேவை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் என்போரைக் கண்டிருப்பார்கள். இவர்களைவிடத் தொண்டு நிறுவனங்களின் வெளிக்கள உத்தியோகத்தர்கள், சிறுவர் இல்லங்களில் பணியாற்றுவோர், முதியோர் பராமரிப்பாளர்கள், முன்பள்ளி ஆசிரியைகள் என்று இத்துறை விரிந்து செல்கிறது.

"நானும் இந்த வேலைக்கு வரலாமா மிஸ்?" கிராண்ட்பாஸில் நான் சென்றுவரும் தோட்டங்களில் இக்கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். கேட்பவர்களில் பலர் வடக்குக் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் சில காலம் கழித்து, பின்னர் இங்கே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டவர்கள். வரலாம் என்பதே பதில். ஆனால் எந்த வழியால் வருவது என்பதை அறிந்து வரவேண்டும்.

கோவை நிறையச் சான்றிதழ்கள்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த ஒரு அக்கா தனது கோவையைத் திறந்து காட்டினார். முதலுதவி, பெண்கள் உரிமை, மனவடு, தலைமைத்துவம் என்று பதினேழு சான்றிதழ்கள். எல்லாம் இரண்டு நாள், மூன்று நாள் செயலமர்வுகளில் பெற்றவை. 2004 ஆம் ஆண்டு சுனாமிக்குப் பின்னர் நிறுவனங்கள் பல வந்தன. ஊர்ப் பெண்களைத் தொண்டர்களாகச் சேர்த்துக்கொண்டன. திட்டம் முடிந்ததும் நிறுவனம் போய்விட்டது, வேலையும் போய்விட்டது. 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னரும் இதுவே நடந்தது. கொழும்பில் ஒரு நிறுவனத்துக்கு நேர்முகப் பரீட்சைக்குச் சென்றபோது, "இவற்றில் அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் எது?" என்று அவரிடம் கேட்டார்களாம். பதினேழில் ஒன்றுமில்லை.

இது அவருடைய குற்றமல்ல. செயலமர்வுச் சான்றிதழ் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. ஒரு வேலையைச் செய்ய உங்களுக்குத் தெரியும் என்பதைச் சொல்வது தகைமைச் சான்றிதழ். இந்த வேறுபாட்டை எவரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

அனுபவம் இருக்கப் பயிற்சி எதற்கு?

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு தாய் வந்து, "மகன் பள்ளிக்கூடம் போகிறான் இல்லை" என்கிறார். இரக்கமுள்ள ஒருவர் உடனே கொப்பியும் சப்பாத்தும் வாங்கிக் கொடுப்பார். பயிற்சி பெற்றவர் முதலில் கேட்பார், பின்னரே உதவுவார். பிள்ளையிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா? இடம்பெயர்வின்போது பிறந்ததால் பதியாமல் விடப்பட்டதா? வீட்டுச் செலவுக்காக வேலைக்குப் போகிறானா? பள்ளிக்கூடத்தில் யாராவது அடிக்கிறார்களா? காரணம் பிறப்புப் பதிவென்றால் காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ வழிகாட்டவேண்டும். வறுமையென்றால் அஸ்வெசும கொடுப்பனவு கிடைக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிள்ளை துன்புறுத்தப்படுகிறான் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கவேண்டும். பிரச்சினை ஒன்றுபோலத் தோன்றினாலும் அதற்கான கதவுகள் வேறு வேறு.

வீட்டில் அடிவாங்கும் பெண்ணுக்கும் இதுவே பொருந்தும். "பொறுத்துப் போ பிள்ளை" என்று அனுபவசாலிகள் பலர் சொல்லிவிடுகிறார்கள். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம் என்பதும், அது 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும் என்பதும், சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம் என்பதும் படித்தால் மட்டுமே தெரியும்.

இரகசியம் பேணுவதும் ஒரு பயிற்சிதான். தோட்டத்தில் வீட்டுக்கு வீடு ஒரே பலகைச் சுவர், பொதுவான தண்ணீர்க் குழாய். காலையில் ஒருத்தி சொன்ன துயரம் மாலையில் குழாயடிக்கு வந்துவிட்டால், அவள் மறுமுறை எவரிடமும் வாய்திறக்கமாட்டாள். எங்கே வைத்துப் பேசுவது, எதைக் குறிப்பேட்டில் எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பவற்றையெல்லாம் கற்கவேண்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது எமது சொந்தக் காயம். கணவனை இழந்த ஒருத்தி, கணவனை இழந்த இன்னொருத்தியின் கதையைக் கேட்கும்போது இருவரும் சேர்ந்து அழுவது இயல்பு. ஆனால் அழுது முடிந்த பின்னர் வந்தவளுக்கு ஒரு வழி தெரியவேண்டும். கேட்டவளுக்கு அன்றிரவு நித்திரை வரவேண்டும். பயிற்சியில் மேற்பார்வை என்று ஓர் ஏற்பாடு உண்டு. மனதை அழுத்தும் விடயங்களை மூத்த பணியாளர் ஒருவருடன் ஒழுங்காகப் பேசித் தெளிவதே அது. அது இல்லாமல் இவ்வேலையில் நெடுநாள் நிற்க முடியாது.

எங்கே படிக்கலாம்?

இலங்கையில் சமூகப் பணிக் கல்வி 1952 ஆம் ஆண்டு ஆரம்பமானது. அதே ஆண்டில்தான் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சென்னை சமூகப் பணிக் கல்லூரியைத் தொடக்கினார். இங்கே ஆரம்பித்த அந்தச் சிறு நிறுவனமே வளர்ந்து, 1992 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாகியது. சீதுவை, லியனகேமுல்லவில் இது அமைந்துள்ளது. கிராண்ட்பாஸ் பகுதியிலிருந்து செல்பவர்கள் நீர்கொழும்பு வீதியால் செல்லும் 240 ஆம் இலக்க பஸ்ஸில் போகலாம். சமூகப் பணி டிப்ளோமா, உளவளத்துணை டிப்ளோமா, 2005 ஆம் ஆண்டு முதல் சமூகப் பணிப் பட்டம் என்பன இங்கே கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. வகுப்பறைப் படிப்போடு களப்பயிற்சியும் இதன் முக்கிய அம்சமாகும். விண்ணப்பிக்கும் முன்னர், அவ்வாண்டில் தமிழ்மொழி மூலம் நடைபெறும் பாடநெறிகள் எவை, கல்வித் தகைமை என்ன என்று நேரில் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

உயர்தரம் வரை படிக்க முடியாமற் போனவர்கள் மனம் தளரவேண்டியதில்லை. என்.வி.கியூ. என்று எல்லோரும் சொல்லும் தேசிய தொழிற் தகைமை அவர்களுக்கும் உரியது. இதில் 7 மட்டங்கள் உள்ளன. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமமானது. முதியோர் மற்றும் நோயாளர் பராமரிப்பு, முன்பள்ளிக் கல்வி போன்ற துறைகளில் இத்தகைமையைப் பெறலாம். தொழிற் பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் நாடெங்கும் உண்டு.

ஏற்கனவே வேலை செய்து அனுபவம் பெற்றவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. முன்னர் கற்றதை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். வேலை செய்த இடங்களின் கடிதங்கள், படங்கள், குறிப்பேடுகள் முதலியவற்றைச் சமர்ப்பித்து, மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்துகாட்டி, பாடநெறி முழுவதையும் தொடராமலே தகைமையைப் பெறலாம். அந்த அக்காவின் பதினேழு சான்றிதழ்களும் வீணல்ல. தனியே நின்று பயன்தராதவை, சான்றுகளாகச் சேரும்போது பயன்தரக்கூடும்.

ஆவணங்கள் தொலைந்துவிட்டனவா?

இடப்பெயர்வில் சான்றிதழ்களை இழந்தவர்கள் எம்மில் பலர். க.பொ.த. பெறுபேற்றின் உறுதிப்படுத்திய பிரதியைப் பத்தரமுல்லை, பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்தில் பெறலாம். சுட்டெண்ணும் பரீட்சை எழுதிய ஆண்டும் நினைவிருந்தால் இலகு. பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளுக்குப் பிரதேச செயலகத்தை நாடலாம். கிராண்ட்பாஸ் மக்களுக்கு அது கொழும்புப் பிரதேச செயலகம். படிப்பைத் தொடங்க எண்ணுபவர்கள் முதலில் இவ்வேலையை முடித்துக்கொள்வது நல்லது. அரச பதவி வெற்றிடங்கள் வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் வர்த்தமானியில் அறிவிக்கப்படுகின்றன. விண்ணப்பத் திகதி முடியும் வேளையில் சான்றிதழ் தேடி ஓடி, வாய்ப்பை இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

தமிழும் ஒரு தகைமையே

தமிழ் 1987 ஆம் ஆண்டு முதல் அரசகரும மொழி. ஆயினும் கொழும்பில் ஒரு பெண் பொலிஸ் நிலையத்தில் தனக்கு நேர்ந்ததைத் தமிழில் சொல்லி, அதைத் தமிழிலேயே எழுதுவிப்பது இன்றும் இலகுவானதல்ல. மொழிபெயர்க்க மகனையோ பக்கத்து வீட்டு ஆணையோ அழைத்துச் செல்லும் பெண், சொல்லவேண்டியதில் பாதியை விழுங்கிவிடுகிறாள். தமிழில் கேட்டு, சிங்களத்தில் விளக்கிச் சொல்லக்கூடிய ஒரு பெண் பணியாளர் அங்கிருந்தால் நிலைமை எவ்வளவு மாறும்! மூவின மக்களும் அருகருகே வாழும் கிராண்ட்பாஸில் சந்தையிலும் வேலைத்தலத்திலும் நீங்கள் பழகிய சிங்களத்தை எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். அது இத்தொழிலில் பெரும் பலம்.

ஏமாறாதீர்கள்

பராமரிப்பாளர் பயிற்சி தந்து வெளிநாடு அனுப்புவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் இடங்கள் பல. பயிற்சி நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். முகவர் அனுமதிப்பத்திரம் பெற்றவரா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் விசாரிக்கலாம். இதற்குப் பின்னரே பணத்தைக் கொடுங்கள். நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் திரும்பி வருவது அரிது.

இத்தொழிலில் ஆரம்பச் சம்பளம் பெரிதல்ல என்பதையும் மறைக்க விரும்பவில்லை. வெயிலில் நடக்கவேண்டும், வீட்டு வாசலில் ஏச்சும் கேட்கவேண்டி வரும். சிறு பிள்ளைகள் உள்ள தாய்மார், வகுப்பு நாட்களில் பிள்ளையை யார் பார்ப்பது என்பதை முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். இதில் அயலில் உள்ள நாம் ஒருவருக்கொருவர் கைகொடுக்கலாம்.

எம்மால் முடியுமா என்று தயங்குபவர்கள் மட்டக்களப்பின் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தை நினைத்துக்கொள்ளலாம். 1991 ஆம் ஆண்டு கொழும்பு அகதி முகாம்களில் இருந்த பெண்களுக்காகத் தொடங்கிய முயற்சி அது. 1993 ஆம் ஆண்டு மட்டக்களப்புக்குச் சென்று வேரூன்றியது. இடம்பெயர்ந்த பெண்களின் மத்தியில், இந்நகரத்தின் முகாம்களிலேயே அதன் முதலடி வைக்கப்பட்டது.

யுத்தத்தினால் துணையை இழந்த பெண்கள் வடக்குக் கிழக்கில் சுமார் 89,000 பேர் என்று 2010 ஆம் ஆண்டு அரச தரப்பில் கூறப்பட்டது. இத்தனை பேரின் துயரைப் புரிந்துகொள்ள, அத்துயரை அறிந்தவர்களே முன்வருவது நன்று. சகோதரிகளே, உங்கள் அனுபவம் அத்திவாரம். அதன்மேல் பயிற்சி என்ற சுவரை எழுப்பினால்தான் பிறர் வந்து ஒதுங்கக்கூடிய வீடாகும். இந்த மாதமே பெட்டியில் கிடக்கும் சான்றிதழ்களை எடுத்து அடுக்குங்கள். எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அத்தாளோடு உங்கள் பிரதேச செயலகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.