தேடி வருவோர் எழுதும் சொற்கள்

கடைத்தெருவில் வணிகம் செய்பவர், தம் வாசலைக் கடந்து செல்வோரைக் கண்ணால் காண்கிறார். யார் நின்று பார்த்தார்கள், யார் விலை கேட்டுவிட்டுத் திரும்பினார்கள் என்பதெல்லாம் மாலைக்குள் அவருக்கு விளங்கிவிடும். இணையதளம் நடத்துபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சேமிப்பிலிருந்து எடுத்தோ, தொழிற்கடன் பெற்றோ தளம் அமைத்த சிறுதொழில் முனைவோர் பலர், அங்கே யார் வருகிறார்கள், என்ன சொல்லைத் தேடி வருகிறார்கள் என்று அறியாமலேயே விளம்பரத்துக்கு மேலும் பணம் செலவிடுகிறார்கள். அந்த விவரங்களை அறிய உதவும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை நிறுவும் முறையையும் படிக்கும் முறையையும் இங்குக் காண்போம்.

ஊரின் பெயரிலேயே தொடங்கும் சிக்கல்

எடுத்துக்காட்டாக, கொல்கத்தாவின் கிழக்கே, விமான நிலையத்துக்கு அருகில் எழுந்துள்ள நியூ டவுனை எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்க அரசின் ஹிட்கோ நிறுவனம் உருவாக்கிய திட்டமிட்ட நகரம் அது. 2011-இல் அங்கு டாட்டா மெடிக்கல் சென்டர் என்னும் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. மேற்கு வங்கத்திலிருந்து மட்டுமன்றி, வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் அங்கு வருகிறார்கள். சிகிச்சை வாரக்கணக்கில் நீளும்போது, உடன் வருவோர் தங்குவதற்கு இடம் வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் விடுதிப் பலகைகளைக் கண்டவர்களுக்கு இந்தத் தேவை புதிதன்று.

அங்கே ஒருவர் விருந்தினர் இல்லம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். தம் தளத்தில் ‘நியூ டவுனில் வசதியான அறைகள்’ என்று எழுதியிருக்கிறார். ஆனால், நியூ டவுன் என்ற பெயர் அந்த ஊருக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரிலும் அதே பெயரில் புகழ்பெற்ற பகுதி உண்டு. கொல்கத்தாவில் உள்ளவர்களோ இவ்விடத்தை ராஜர்ஹாட் என்றும் அழைக்கிறார்கள். நகரத் திட்டத்தின்படி அது ‘ஆக்‌ஷன் ஏரியா’ ஒன்று, இரண்டு, மூன்று எனப் பிரிக்கப்பட்டுள்ளது. அகர்தலாவிலிருந்தோ டாக்காவிலிருந்தோ புறப்படும் குடும்பத்துக்கு இவற்றில் எந்தப் பெயரும் தெரியாமல் இருக்கலாம். ‘டாட்டா புற்றுநோய் மருத்துவமனை அருகில் சமையலறையுடன் அறை’ என்று அவர்கள் தேடக்கூடும். உரிமையாளர் எழுதிய சொல்லும், வாடிக்கையாளர் தேடும் சொல்லும் சந்திக்காவிட்டால், அறை காலியாக இருக்கும். அந்தக் குடும்பமும் வேறெங்கோ அலையும். கடன் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

வாசலுக்கு வெளியே ஒரு கருவி, உள்ளே ஒரு கருவி

தளத்தின் வருகையை அறிய இரண்டு கருவிகள் தேவை. முதலாவது, கூகுள் சர்ச் கன்சோல். தேடல் முடிவுகளில் நம் பக்கம் எந்தச் சொல்லுக்குத் தோன்றியது, எத்தனை முறை தோன்றியது, எத்தனை பேர் அதைத் தொட்டு உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் இருந்தது என்பவற்றை அது காட்டும். வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று முன்னர் அழைக்கப்பட்ட இதற்கு 2015-இல் இப்பெயர் வந்தது. இரண்டாவது, 2005-இல் அறிமுகமான கூகுள் அனலிட்டிக்ஸ். உள்ளே வந்தவர் எந்தப் பக்கங்களைப் பார்த்தார், எந்த ஊரிலிருந்து வந்தார், தொலைபேசி எண்ணைத் தொட்டாரா என்பவற்றை அது கூறும்.

ஒன்று போதாதா என்று கேட்கலாம். முன்பு, தேடிய சொற்களையும் அனலிட்டிக்ஸே காட்டிவந்தது. 2011-இல் கூகுள் தேடலை மறையாக்கம் செய்யத் தொடங்கிய பின்னர் அந்த வழி படிப்படியாக அடைபட்டது. இன்று சொற்களை அறிய சர்ச் கன்சோலையும், வந்தவரின் செயல்களை அறிய அனலிட்டிக்ஸையும் நாடவேண்டும். இரண்டையும் இணைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

நிறுவும் முறை

முதற்படியாக, நிறுவனத்துக்கென்று ஒரு கூகுள் கணக்கைத் தொடங்குக. அது உரிமையாளரின் பெயரில் இருக்க வேண்டும். தளம் அமைத்துத் தந்தவரின் கணக்கில் எல்லாவற்றையும் வைத்துவிட்டால், அவர் விலகும் நாளில் பதிவுகளும் கைவிட்டுப் போகும். வங்கிக் கணக்கைப் பிறர் பெயரில் நாம் வைப்பதில்லை அல்லவா? பணியாளருக்கோ ஆலோசகருக்கோ தேவை ஏற்பட்டால், அவர்களுக்கெனத் தனி அனுமதி வழங்கலாம். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் பகிர வேண்டியதே இல்லை.

அடுத்து, சர்ச் கன்சோலில் தளத்தின் முகவரியைச் சேர்த்து, அது தமக்கு உரியது என்று மெய்ப்பிக்க வேண்டும். கூகுள் தரும் ஒரு குறிச்சொல்லை, டொமைன் பெயர் வாங்கிய நிறுவனத்தின் பக்கத்தில் டிஎன்எஸ் பதிவாகச் சேர்ப்பது முழுமையான முறை. பிறகு, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பின் முகவரியை அங்கே அளிக்கவேண்டும்.

அனலிட்டிக்ஸில் கணக்குத் தொடங்கினால், சிறு நிரல்துண்டு ஒன்று கிடைக்கும். அது தளத்தின் எல்லாப் பக்கங்களிலும் இடம்பெற வேண்டும். வேர்ட்பிரஸ் தளங்களில், கூகுளே இலவசமாக அளிக்கும் ‘சைட் கிட்’ என்னும் இணைப்பு இவ்விரு வேலைகளையும் எளிதாக்குகிறது.

நிறுவியதும் மூன்று அமைப்புகளைச் சரிபார்ப்பது நன்று. உரிமையாளரும் பணியாளர்களும் தளத்தைத் திறந்து பார்க்கும் வருகைகளை விலக்குமாறு அமைக்கவேண்டும். தொலைபேசி எண்ணைத் தொடுவது, விசாரணைப் படிவம் அனுப்புவது ஆகியவற்றை முக்கிய நிகழ்வுகளாகக் குறிக்கவேண்டும். விரிவான ஆய்வுக்குரிய தரவுகள் தொடக்கத்தில் 2 மாதங்கள் மட்டுமே வைக்கப்படும்; அதை 14 மாதங்களாக மாற்றிக்கொள்ளலாம். சர்ச் கன்சோல் 16 மாதங்களின் விவரங்களைக் காட்டும். நிரல்துண்டு சேர்க்கப்படுவதற்கு முந்தைய வருகைகளை அனலிட்டிக்ஸ் காட்டாது. ஆகவே, விளம்பரம் செய்யத் திட்டமிடுவோர் அதற்குச் சில வாரங்கள் முன்னரே இவற்றை நிறுவிவிட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க அப்போதுதான் முந்தைய நிலை கையில் இருக்கும்.

எண்களைப் படிக்கும் முறை

விருந்தினர் இல்லத்தின் பக்கம், மருத்துவமனையின் பெயர் கொண்ட ஒரு தேடலில் 2,000 முறை தோன்றி, 20 பேர் மட்டுமே உள்ளே வந்தார்கள் என்று கொள்வோம். நூற்றுக்கு ஒருவர். சராசரி இடம் 4 என்றால், பக்கம் கண்ணில் படுகிறது. ஆனால் அதன் தலைப்பும் குறிப்பும் தேடியவரின் தேவையைச் சொல்லவில்லை என்று ஊகிக்கலாம். மருத்துவமனைக்கு உள்ள தூரமும் சமையல் வசதியும் தலைப்பிலேயே இருந்தால் நிலை மாறக்கூடும். சராசரி இடம் 40 என்றால், தலைப்பை மாற்றி மட்டும் பயனில்லை. அந்தத் தேவையை விளக்கும் தனிப் பக்கமே எழுதவேண்டும். நாடுகளின் பட்டியலில் வங்கதேசம் மேலே நின்றால், வங்காள மொழியில் ஒரு பக்கம் சேர்ப்பது அறிவுடைமை. வேலூரில் விடுதி நடத்துபவருக்கும் இதே கணக்கு பொருந்தும்.

கணக்குப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று உறுத்தலாம். சர்ச் கன்சோலில் சொல்வாரியாகக் கூட்டினால் மொத்தத் தொகை வராது. மிகச் சிலரே தேடிய சொற்களை, அவர்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்காகக் கூகுள் மறைத்துவிடுகிறது. இரு கருவிகளும் வெவ்வேறு முறையில் எண்ணுவதால் அவற்றின் எண்களும் பொருந்துவதில்லை. இது வங்கிப் பாஸ்புத்தகம் போன்றதன்று. காசுக்குக் காசு சரியாக இருக்க வேண்டியதில்லை. போக்கு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

அந்தரங்கத்தைக் காக்கும் கடமை நமக்கும் உண்டு. நோயாளியின் பெயரோ தொலைபேசி எண்ணோ அனலிட்டிக்ஸுக்குச் செல்லாதவாறு தளம் அமைந்திருக்க வேண்டும். கூகுளின் விதிகளும் அதைத் தடுக்கின்றன. தனிநபர் தரவுகளைக் காக்க 2023-இல் இந்தியாவில் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. என்ன விவரம், எதற்காகத் திரட்டப்படுகிறது என்பதைத் தளத்தில் வெளிப்படையாக அறிவிப்பது முறையாகும்.

‘கூகுளில் முதலிடம் உறுதி’ என்று கூறி முன்பணம் கேட்போரிடம் விழிப்பாக இருத்தல் வேண்டும். முதலிடத்தை எவராலும் உறுதியளிக்க இயலாது என்று கூகுளே அறிவித்துள்ளது. விளம்பரத்துக்குப் பணம் செலுத்துவதால் இயல்பான தேடல் முடிவுகளில் இடம் உயர்வதும் இல்லை. ஆலோசகர் ஒருவரை அமர்த்தினாலும், அவர் தரும் அறிக்கையை நம் கணக்கிலேயே திறந்து ஒப்பிட்டுப் பார்க்கும் நிலையில் நாம் இருக்கவேண்டும்.

மாதம் ஒருமுறை அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். கடந்த 28 நாட்களை அதற்கு முந்தைய 28 நாட்களோடு ஒப்பிட்டு, புதிதாகத் தோன்றியுள்ள சொற்களைக் குறித்துக்கொண்டு, ஒரு பக்கத்தை மட்டும் திருத்துங்கள். அதன் பலனை அடுத்த மாதம் பாருங்கள். தேடுவோரின் சொல் எதுவென்று தெரிந்த பின்னர் விளம்பரத்துக்குச் செலவிடும் ரூபாய், எங்கே போகிறது என்று அறிந்து செலவிடும் ரூபாயாக இருக்கும்.