தலை போன கடல் கன்னி

மகளின் பிரசவத்துக்காக டென்மார்க் போயிருந்தபோது, தலைநகர் கோபன்ஹேகனைச் சுற்றிப் பார்த்தேன். நைஹாவன் கால்வாய்க் கரையில் கலர் கலராக வீடுகள். கதாசிரியர் ஆண்டர்சன் அங்கே மூன்று வீடுகளில் குடியிருந்தாராம். ஹோட்டல் வாசலில் தள்ளுவண்டியோடு குழந்தையைத் தூங்கவிட்டு, அம்மாக்கள் உள்ளே காபி குடிக்கிறார்கள். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது! அமாலியன்போர்க் அரண்மனையில் பகல் 12 மணிக்குக் காவலர் மாறுவதைக் காசில்லாமல் பார்க்கலாம்.

அங்கிருந்து கடலோரமாக நடந்தால் கடல் கன்னி சிலை. உயரம் 1.25 மீட்டர்தான். "எல்லாருமே 'இவ்வளவுதானா'ன்னு கேப்பாங்க அத்தை" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

ஆண்டர்சன் 1837ல் எழுதிய கதையில், இளவரசன் மேல் ஆசைப்பட்டுக் கால்கள் பெறுவதற்காக, இவள் தன் குரலையே விலையாகக் கொடுக்கிறாள். ஒவ்வொரு அடியும் கத்தி மேல் நடப்பதுபோல வலிக்கும். அவனோ வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான்.

சிலை வைத்தது 1913ல். உடையில்லாமல் போஸ் கொடுக்க நடனமணி எல்லன் பிரைஸ் மறுத்துவிட, சிற்பி எரிக்சனின் மனைவிதான் உட்கார்ந்தாராம். 1964ல் யாரோ தலையை அறுத்துப் போனார்கள். 1984ல் ஒரு கை. 1998ல் மறுபடியும் தலை. வாயில்லாப் பூச்சி, இவர்களை என்ன செய்தாள்? ஒவ்வொரு முறையும் ஒட்டவைத்து அதே பாறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் மட்டும் போட்டோவுக்கு நிற்காமல் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகிறவர்கள் டூரிஸ்ட் பஸ்கள் வருமுன் காலையிலேயே போய்விடுங்கள். கோடையிலும் கடற்காற்று சில்லென்று அடிக்கும். புடவைக்கு மேல் ஸ்வெட்டர் அவசியம்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.