பிணைக்கு வைக்கும் கையெழுத்து

கரவெட்டியில் இருக்கும் மாமி ஒருநாள் காலையில் தொலைபேசி எடுத்தார். “பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை லோன் எடுக்குது. பிணைக்கு ஒரு கையெழுத்துத்தானே எண்டு சொல்லுகினம். வைக்கட்டோ?” என்று கேட்டார். பத்து மணிக்குக் குழுக்கூட்டம் என்பதால் பதில் உடனே வேண்டும் என்றார்.

அதே கிழமைதான் மாமியின் மகள் என்னிடம் வேறொரு கேள்வியோடு வந்திருந்தாள். இணையவழியில் வணிகப் படிப்பு ஒன்றைப் படிக்கும் அவளுக்குக் கொடுத்திருந்த பாடநூல் அமெரிக்க வணிகச் சட்டம் பற்றியது. அதில் ஒப்பந்தம் என்ற முதல் அத்தியாயமே அவளுக்கு விளங்கவில்லை. மகளின் பாடமும் தாயின் கேள்வியும் ஒன்றுதான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. நான் சட்டத்தரணி அல்ல. தெரிந்தவர்களிடம் கேட்டும் சட்டங்களைத் தேடி வாசித்தும் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒப்பந்தம் என்றால் என்ன?

ஒருவர் ஒன்றை முன்வைக்க, மற்றவர் அதை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் ஒப்பந்தம். இருவரும் உரிய வயதும் தெளிந்த புத்தியும் உள்ளவர்களாக இருக்க வேண்டும். செய்யும் காரியம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அமெரிக்கப் பாடநூலும் இதைத்தான் சொல்கிறது.

ஆனால் அமெரிக்கச் சட்டம் இன்னொன்றையும் கேட்கும். வாக்குக் கொடுத்தவருக்குப் பதிலாக என்ன கிடைத்தது என்பதே அது. பிரதிபயன் எனப்படும் இது இல்லாத வெறும் வாக்கை அங்கே நீதிமன்றம் பொதுவாக நிறைவேற்றி வைக்காது. இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து அமெரிக்கா எடுத்துக்கொண்ட விதி இது.

இலங்கையின் வழி வேறு. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோம டச்சுச் சட்டமே இன்றும் எங்கள் ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம். வங்கி, பங்குடைமை, காப்புறுதி போன்ற சில துறைகளுக்கு மட்டும் 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உரோம டச்சுச் சட்டம் பிரதிபயனைக் கேட்பதில்லை. மனமறிந்து, நியாயமான காரணத்தோடு கொடுத்த வாக்கா என்றுதான் பார்க்கும். ஆகவே “எனக்கு அதில் ஒரு சதமும் கிடைக்கவில்லையே” என்பது இங்கே வலுவான மறுப்பு அல்ல. பக்கத்து வீட்டாருக்காக இரக்கப்பட்டு வைத்த கையெழுத்தும் எங்களைக் கட்டும்.

ஏன் எழுத்தில் கேட்கிறார்கள்?

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். கடையில் கடனுக்கு அரிசி வாங்குவது அப்படித்தான் நடக்கிறது. ஆனால் சில விடயங்கள் எழுத்தில் இருந்தாக வேண்டும் என்று 1677 இல் இங்கிலாந்து ஒரு சட்டம் இயற்றியது. அமெரிக்க மாநிலங்கள் அதைப் பின்பற்றின. எங்களிடம் அதே வழியில் வந்ததுதான் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம்.

அதன்படி காணி விற்பது, ஈடு வைப்பது போன்றவை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு உறுதியாக எழுதப்பட வேண்டும். ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட முதலுடன் தொடங்கும் பங்குடைமையும் எழுத்தில் இருக்க வேண்டும். இன்றைய விலைவாசியில் இரண்டு பேர் சேர்ந்து தொடங்கும் சிறிய தையல் கடைகூட இதற்குள் வந்துவிடும். மூன்றாவது, இன்னொருவருடைய கடனுக்குப் பொறுப்பேற்பது. அதுதான் பிணை. அது எழுத்தில், பொறுப்பேற்பவரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும்.

அதாவது, “அவள் கட்டாட்டில் நான் கட்டுறன்” என்று முற்றத்தில் நின்று மாமி சொல்லியிருந்தால், அதை வைத்து அவரிடம் பணம் அறவிட முடியாது. இந்த இடத்தில் சட்டம் மாமியின் பக்கம் நிற்கிறது. கையெழுத்து வைக்கும் கணத்தில் அந்தப் பாதுகாப்புப் போய்விடுகிறது. “கையெழுத்துத்தானே” என்று சாதாரணமாகச் சொல்லப்படுவது முழுப் பொறுப்பையும் உங்கள் தலையில் வைக்கும் செயல்.

பிணையாளி இழக்கும் உரிமைகள்

எங்கள் ஊர்களில் பலர் பிணைக் கையெழுத்தைச் சாட்சிக் கையெழுத்துப் போல நினைக்கிறார்கள். சாட்சி வைத்தவர் தான் கண்டதைச் சொன்னால் போதும். பிணை வைத்தவர் கடனைக் கட்ட வேண்டும்.

ஆனாலும் உரோம டச்சுச் சட்டம் பிணையாளிக்கு முக்கியமான உரிமைகளைத் தருகிறது. முதலாவது, “கடன் எடுத்தவரிடம் முதலில் கேளுங்கள், அவரிடம் அறவிட முடியாவிட்டால் என்னிடம் வாருங்கள்” என்று சொல்லும் உரிமை. இரண்டாவது, பிணையாளிகள் பலர் இருந்தால் “என் பங்கை மட்டும் கட்டுவேன்” என்று சொல்லும் உரிமை. மூன்றாவது, கடனைத் தானே கட்டினால், கடன் கொடுத்தவருக்கு இருந்த உரிமைகளைத் தன் பெயருக்கு மாற்றிக் கேட்கும் உரிமை.

இவற்றை ஒரே வரியில் இழந்துவிடலாம். அச்சடித்த பல கடன் படிவங்களில், பிணையாளி தனக்குச் சட்டத்தில் உள்ள சலுகைகளைத் துறப்பதாகவும், “கூட்டாகவும் தனித்தனியாகவும்” பொறுப்பேற்பதாகவும் ஒரு வாசகம் இருக்கும். அதன் பொருள், ஐந்து பேர் கையெழுத்து வைத்திருந்தாலும் முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம் என்பதுதான். கடன் எடுத்தவரிடம் முதலில் போக வேண்டிய கட்டாயமும் கடன் கொடுத்தவருக்கு இல்லை. அமெரிக்காவிலும் இதே வேறுபாடு உண்டு. கடனாளியிடம் அறவிட முயன்று தோற்ற பிறகே கேட்கக்கூடிய உத்தரவாதம் ஒன்று, தவணை தவறியதும் நேரே கேட்கக்கூடிய உத்தரவாதம் இன்னொன்று. எதில் கையெழுத்து வைக்கிறோம் என்று அங்கே மாணவர்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். இங்கே பெண்களுக்குக் குழுக்கூட்டத்தில் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

வெற்றுத்தாளும் காணி உறுதியும்

தனியார் வட்டிக்காரர் வெற்றுக் கடனுறுதிச் சீட்டில் கையெழுத்துக் கேட்பதும் நடக்கிறது. 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் கொடுத்தல் பற்றிய கட்டளைச் சட்டம் இதற்கு எதிரானது. உண்மையில் கொடுத்த முதல், முன்கூட்டியே கழித்த தொகை, வருட வட்டி வீதம் ஆகிய மூன்றும் கடனுக்காக வாங்கும் சீட்டில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கொடுத்தது ஐம்பதாயிரம், எழுதியது ஒரு இலட்சம் என்றால் அது பொய்ச் சீட்டு. தெரிந்துகொண்டே அதை வாங்குவது குற்றம்.

காணியை ஈடு வைக்கக் கேட்டால் யாழ்ப்பாணத்தில் இன்னொரு சட்டமும் குறுக்கே வரும். 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையும், அதன் வழிவந்த 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வடக்குத் தமிழர்களுக்கு இன்றும் செல்லுபடியாகின்றன. இதன்படி திருமணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை.

கணவன் எங்கே என்று தெரியாத பெண் என்ன செய்வாள்? 2009 க்குப் பிறகு இந்தக் கேள்வி எத்தனை வீடுகளில் எழுந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கணவன் இருக்குமிடம் தெரியாதபோது அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றம் அனுமதி வழங்கலாம் என்று அதே சட்டத்தில் வழி இருக்கிறது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்கு, காணாமற்போனவர் என்று பதிவு செய்து சான்றிதழ் பெற 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. இடைத்தரகர் ஒருவர் “எல்லாம் நான் பார்க்கிறன்” என்று சொன்னால், முதலில் இந்த இரண்டையும் பற்றிக் கேளுங்கள்.

பழைய கடன்கள்

இடப்பெயர்வில் கணக்குப் புத்தகமே போய்விட்ட பழைய கடன்களையும் சிலர் இப்போது கேட்கிறார்கள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய் ஒப்பந்தத்துக்கு 3 வருடம், கடனுக்குக் கொடுத்த பொருளின் விலைக்கு 1 வருடம் என்ற கால எல்லைக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் கவனம். இடையில் சிறு தொகை கட்டினாலோ, கடன் உண்டு என்று எழுதிக் கொடுத்தாலோ காலம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

கையெழுத்துக்கு முன்

நுண்நிதிக் கடன்கள் பெண்களை எவ்வளவு நெருக்கின என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டது. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அது முன்வந்தது. ஒவ்வொரு முறையும் தள்ளுபடியை எதிர்பார்த்து இருக்க முடியாது. கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகள் கேட்கலாம். முழுத் தொகையும் வருட வட்டியும் எவ்வளவு? நான் சாட்சியா, பிணையா? என் பங்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா? படிவத்தின் பிரதியைத் தருவீர்களா?

படிவம் தமிழில் இல்லாவிட்டால் வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையெழுத்து வைக்க வேண்டாம். பிணையாளியாகக் கட்ட நேர்ந்தால் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். கட்டிய தொகையைக் கடன் எடுத்தவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தை நாடலாம். அயலவர்களுக்கிடையிலான சிறிய கடன் பிணக்கு என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது.

அன்று மாமி படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தருவதாகச் சொன்னார். வந்திருந்த உத்தியோகத்தர் விடவில்லை. மாமி கையெழுத்து வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அது மாமிக்கு இன்னும் வலிக்கிறது. “நாளைக்கு எனக்கு ஒண்டு எண்டால் அவள்தானே ஓடிவர வேணும்” என்றார். அவர் சொன்னது உண்மை. அந்த உறவை நம்பித்தான் இந்தக் கடன்கள் கொடுக்கப்படுகின்றன. அதனால்தான் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இரண்டு வீட்டாரும் சேர்ந்து இருந்து வாசிக்க வேண்டும்.